மொட்டை மூக்குத் தோட்டாவும் பதினாறு பங்கும்

நான் அருமைராசாவுக்கு ஆயிரத்து அறுநூறு டொலர் கடன்பட்டிருந்தேன். எழுத்து இல்லை, வட்டி பேசவில்லை, ஆனால் சாட்சிக்கு ஒரு சீட்டுக் கூட்டமே இருந்தது. முப்பது வருடம் அந்தக் கடன் அப்படியே கிடந்தது. என்னிடம் காசில்லாமல் அல்ல. நான் கொடுக்கப் போன போதெல்லாம் அவன் வாங்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மொன்றியலில் சனம் வேறு மாதிரிக் கதைக்கிறது.

என்னைத் தெரியாதவர்கள் குறைவு. தியாகலிங்கம் என்றால் கோயிலிலும் தெரியும், வங்கியிலும் தெரியும். ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இந்த நகரத்துக்கு வந்த முதல் மாரியில் என்னிடம் ஒரு நல்ல கோட்டுக்கூட இருக்கவில்லை. கந்தோர்க் கட்டடங்களில் கழிவறை துடைத்தேன். பிறகு துடைப்பதற்கு ஆள் வைத்தேன். பிறகு நாற்பத்திரண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்தேன், ஒரு கிழமையாவது பிந்தியது கிடையாது. பல்கலைக்கழகத்தில் கணக்குப் படித்தவன் என்னிடம்தான் வேலை செய்தான், நான் மனக்கணக்கில் அவனுடைய பிழை பிடித்தேன். பியர்பொன்ட்ஸில் என் வீட்டுக் கராஜில் இரண்டு கார் நிற்கும்.

அருமைராசா மன்னார்க்காரன், என்னைவிட நாலு வயது இளையவன். லாசாலில் அலுமினிய யன்னல் செய்யும் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் ஒரே மெஷினுக்கு முன்னால் நின்றான். மேற்பார்வையாளனாகக் கேட்டபோது மாட்டேன் என்றானாம். அதே லாசாலில் ஒரு கீழ்வீட்டில் இன்றைக்கும் வாடகைக்கு இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை பூசையில் காணிக்கைத் தட்டு ஏந்துவான். மனைவி பிலோமினம்மா பள்ளிக்கூடக் கன்ரீனில் சமைத்தவள். இந்த மனுசனுக்குச் சொத்தென்று சொல்ல ஒன்றே ஒன்றுதான், ஒரு பழைய வேட்டைத் துவக்கு. அதை வைத்துக்கொண்டு இந்த ஊரில் என்னைவிடப் பெரிய ஆளாக நடந்தான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடன் வந்த கதை இது. தொண்ணூற்று மூன்றில் நான் சீட்டுப் பிடித்தேன். பதினாறு குடும்பம், மாதம் நூறு டொலர். ஒக்டோபர்ச் சீட்டு அருமைராசாவுக்கு. அவன் அந்தக் காசில் புதுத் துவக்கு ஒன்று வாங்கி, நவம்பரில் மான் வேட்டைக்குப் போவதாக இருந்தான். அதே கிழமை எனக்கு ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் துப்புரவு ஒப்பந்தம் கைக்கு வந்தது. தரை மினுக்கும் மெஷின் இல்லாமல் கையெழுத்து வைக்கமாட்டோம் என்றார்கள். சீட்டுக் காசு என் மேசை லாச்சியில் இருந்தது. மெஷினை வாங்கிவிட்டேன். யாராக இருந்தாலும் வாங்கியிருப்பான், துணிவு இருந்தால்.

"ராசா, ரெண்டு கிழமை பொறு" என்றேன்.

"பொறுக்கிறன் லிங்கண்ணை. மானும் பொறுக்குமோ எண்டுதான் தெரியேல்லை" என்றான்.

ஆறு கிழமை எடுத்தது. ஆயிரத்து அறுநூறையும் கடித உறையில் போட்டுக்கொண்டு போனபோது நவம்பர் முடிந்திருந்தது. அவன் அதற்குள் தன்னோடு வேலை செய்த கஸ்தோன் என்ற கிழவனிடம் நூற்று எண்பது டொலருக்கு ஒரு பழைய துவக்கை வாங்கி, மான் ஒன்றும் விழுத்தியிருந்தான்.

"இப்ப எனக்கு இந்தக் காசு தேவையில்லை. பேந்து வாங்கிறன்" என்றான்.

அந்தப் பேந்து முப்பது வருடம் நீண்டது.

அந்தத் துவக்கைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். ஒல்லியான சாமான், கைப்பிடிக்குக் கீழே ஒரு வளையம். வளையத்தைக் கீழே இழுத்து மேலே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். தோட்டாவுக்குப் பெயர் தேர்ட்டி-தேர்ட்டி. கஸ்தோன் அதைப் பிரெஞ்சில் த்ரான்த்-த்ரான்த் என்பான். நூற்று முப்பது வருடத்துக்குக் கிட்டப் பழசு. என் பாட்டன் பிறக்க முன்னமே அதால் மான் விழுந்திருக்கிறது. குழலுக்குக் கீழே இன்னொரு குழாய். தோட்டாக்கள் அதற்குள் ஒன்றின் பின்னால் ஒன்றாகக் கிடக்கும். கூர் முனை என்றால் முன்னாலிருப்பதின் பின்பக்கத்தில் குத்தி உள்ளுக்குள்ளேயே வெடித்துவிடுமாம். அதனால் அதற்கு மொட்டை மூக்கு. பார்வைக்கு ஒரு அழகும் இல்லை. தூரத்துக்குப் போகாது. புதுத் தோட்டாக்களோடு வைத்துப் பார்த்தால் கார்களுக்கு நடுவே நிற்கும் சைக்கிள் மாதிரி. ஆனால் வேட்டைக் காலத்தில் இந்த மாகாணத்தின் எந்த மூலைக் கடையிலும் ஒரு பெட்டி இருக்கும்.

அதைக் கொண்டு அவன் வருடம் ஒரு மான் விழுத்தினான். தவறினது இரண்டே வருடம். விழுத்திய மானை அவன் என்ன செய்தான் என்பதுதான் விசயம்.

நம்முடைய ஆட்கள் ஒரு ஆட்டை வெட்டிப் பங்கு போடுவது உங்களுக்குத் தெரியும். தொடையில் ஒரு துண்டு, நெஞ்சில் ஒரு துண்டு, ஈரலில் கொஞ்சம், எலும்பு கொஞ்சம் என்று எல்லாக் குவியலிலும் எல்லாம் இருக்கும். போடுகிறவன் கடைசிக் குவியலைத்தான் எடுக்கலாம். அருமைராசா தன் கராஜில் பொலித்தீன் விரித்து, மானைப் பதினாறு பங்கு போட்டான். அதே சீட்டுக்காரப் பதினாறு வீட்டுக்கும். பங்கென்றால் காசு கொடுப்பது எங்கள் வழக்கம். சனம் பழக்கத்தில் இருபது டொலரை நீட்டும். வேட்டை இறைச்சிக்குக் காசு வாங்குவது இந்த நாட்டில் குற்றம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவான். சட்டம் அப்படித்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் காசு வாங்காதவனுக்கு வாங்கினவன் என்ன செய்வான்? கண்ட இடத்தில் சிரிப்பான், கதிரை கொடுப்பான். பதினைந்து வீட்டையும் மான் இறைச்சியால் கட்டி வைத்திருந்தான். என்னை அந்த ஆயிரத்து அறுநூறாலும் சேர்த்துக் கட்டியிருந்தான். என் மனைவி சிவநேசம் அந்தப் பங்கை மிளகு போட்டுப் பிரட்டுவாள். நான் ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை, அதுவும் உண்மை. தின்னும்போதும் கோபமாகத்தான் தின்றேன்.

இடைக்கிடை கடனைக் கொடுக்கப் போவேன். மகளின் கலியாணத்துக்கு முதல் போனேன். வியாபாரத்தை விற்று ஓய்வெடுத்தபோது போனேன். "அவசரமில்லை லிங்கண்ணை, உங்களிட்டை இருந்தால் வங்கியிலை இருக்கிற மாதிரி" என்பான். சபையில் வைத்துச் சொல்வான். எல்லோரும் சிரிப்பார்கள்.

போன வருடத்துக்கு முதல் வருடம் மாசி மாதம் விசயம் முற்றியது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் எங்கள் மூத்தோர் சங்கக் கூட்டம். மண்டபம் வாங்கக் காசு சேர்க்கிறோம், அதற்குப் பொருளாளர் வேண்டும். என் பெயரைச் சொன்னார்கள். வேறு யாரைச் சொல்வது? அந்த மண்டபத்தில் காசைக் கண்ணால் கண்டவன் நான் ஒருவன். தலைவர் ஆட்சேபனை உண்டோ என்று சும்மா கேட்டார். பின் வரிசையில் அருமைராசா எழும்பினான்.

"ஆட்சேபனை இல்லை. ஆனால் கேட்டபடியால் சொல்லுறன். லிங்கண்ணை என்ர சீட்டுக் காசு இன்னும் தரவேணும்."

"நீதானே வாங்கமாட்டன் எண்டனி" என்றேன்.

"நான் வாங்காதது வேறை. நீங்கள் தரவேண்டியது வேறை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கடனைத் தீர்த்துப்போட்டு வாங்கோ அண்ணை. அதுவரைக்கும் நான் பாக்கிறன். கதிரை உங்களுக்குத்தான்" என்றார். எழுபது வயதில், எழுபது பேருக்கு முன்னால், என்னைப் பார்த்து.

வாசலில் அவனை மறித்தேன். பையில் இருந்த காசோலைப் புத்தகத்தை எடுத்தேன்.

"வேண்டாம்" என்றான். "அது மானுக்கு வைச்ச காசு. நீங்கள் அதிலை மெஷின் வாங்கினீங்கள். மானைத் தாங்கோ. உங்கட கையாலை ஒண்டை விழுத்தி, பதினாறு பங்கு குறையாமல் போடுங்கோ. அண்டைக்குக் கை நீட்டி வாங்கிறன். சங்கத்திலையும் நானே எழும்பிச் சொல்லுறன்."

"என்னாலை ஏலாதெண்டு நினைக்கிறியோ?"

"நினைக்கேல்லை. தெரியும்."

அன்றே முடிவெடுத்தேன். உரிமத்துக்காகத் துவக்கு வகுப்பு, வேட்டை வகுப்பு, பொலிஸ் விசாரணை எல்லாம் முடித்தேன். வகுப்பில் நான்தான் வயதில் மூத்தவன், சோதனையில் ஒரு கேள்விதான் பிழை. பிறகு கடைக்குப் போய், இருப்பதில் பெரியது எது என்று கேட்டேன். முந்நூறு மக்னம் என்று ஒன்றைக் காட்டினார்கள். தோட்டா என் நடுவிரலைவிட நீளம். தூரக்கண்ணாடியோடு மூவாயிரத்து இருநூறு டொலர். வாங்கினேன். அவனுடைய நூற்று எண்பது டொலர்ச் சாமானுக்கு முன்னால் இதை வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன், சந்தோசமாக இருந்தது.

நவம்பரில் வடமேற்கே மூன்றரை மணித்தியாலம் ஓடினோம். சாட்சிக்கு அவனும் வந்தான். வழியில் குறி பார்த்துப் பழகுகிறேன் என்று கொண்டுவந்த தோட்டாக்களில் முக்கால்வாசியைச் சுட்டு முடித்தேன். மூன்றாம் வெடியில் தூரக்கண்ணாடியின் விளிம்பு புருவத்தில் இடித்து, பிறை மாதிரி வெட்டியது. தோள் இரண்டு நாள் ஊதாவாக இருந்தது. டெப்பனர் என்கிற கிராமத்து மூலைக் கடையில் மக்னம் தோட்டா கேட்டேன். கடைக்காரப் பெண் சிரித்தாள். "இல்லை மிஸ்யூ. த்ரான்த்-த்ரான்த் இருக்கு, வேணுமோ?" பால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு முழுக்க அடுக்கியிருந்தது. அருமைராசா ஒரு பெட்டி வாங்கிச் சட்டைப் பையில் போட்டான்.

அடுத்த நாள் காலை ஒரு கொம்பன் மான் வந்தது. எத்தனை தூரம் என்கிறீர்கள்? முப்பது அடி வைத்தால் தொட்டுவிடலாம். அந்தக் காட்டில் அதற்கு மேல் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் பைன் மரமும் பற்றையும். அரை மைலுக்குச் சுடும் துவக்கை வைத்துக்கொண்டு முப்பது அடியில் வெடி வைத்தேன். மான் நின்ற இடத்திலேயே விழுந்தது.

"பாத்தியோ?" என்றேன்.

அவன் கிட்டப் போய்க் குனிந்து பார்த்தான். கத்தியால் தோலை உரித்துக் காட்டினான். இரண்டு முன்கால் சப்பையும் எலும்புத்தூளும் கட்டி இரத்தமுமாகக் கரைந்துபோய்க் கிடந்தது. ஒரு பக்க நெஞ்சு முழுக்கக் கறுப்பு.

"மானைச் சுட்டனீங்களோ, வீட்டை இடிச்சனீங்களோ?" என்றான். "இதை நாயும் தின்னாது."

கழித்துப் பார்த்தால் ஐம்பத்தைந்து இறாத்தல் தேறும். பங்குக்கு ஐந்து இறாத்தல் வைத்தால் பதினொரு பங்கு. ஐந்து வீட்டுக்கு இல்லை.

இங்கே நான் செய்ததை மறைக்கமாட்டேன். வியாபாரத்தில் சாமான் குறைந்தால் வெளியில் வாங்கி நிரப்புவதுதான் வழக்கம், அது ஒன்றும் களவில்லை. தெரிந்த இறைச்சிக் கடையில் இருபத்தைந்து இறாத்தல் ஆடு வாங்கினேன், கொழுப்பை முழுக்கச் செதுக்கினேன். அவனுடைய கராஜில் அவன் கத்தி தீட்டப் போன நேரம் பார்த்துக் குவியல்களுக்குள் கலந்தேன். பதினாறு குவியல், வடிவாக வந்தது. நான் பேசாமல் நின்றிருந்தால் தப்பியிருப்பேன் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். "பதினாறு, எண்ணிக்கொள்" என்று குரலை உயர்த்திவிட்டேன்.

பிலோமினம்மா வந்து எண்ணினாள். ஏழாவது குவியலில் ஒரு எலும்பைத் தூக்கினாள். வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என்ன தங்கச்சி?" என்றேன்.

"இவர் மூட்டிலை கத்தி விட்டுத்தான் பிரிக்கிறவர். இது வாளாலை அறுத்த எலும்பு." மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "லிங்கண்ணை, இந்த மான் கத்துறது 'மே' எண்டோ?"

அருமைராசா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நான் அவனை அடித்திருப்பேன், எல்லாம் முடிந்திருக்கும். அவன் ஆட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு பையில் போட்டு என் கையில் தந்தான். "கொண்டுபோய் சிவநேசம் அக்காட்டைக் குடுங்கோ. பதினொண்டு. அடுத்த வருசம் பாப்பம்." அன்று பின்னேரத்துக்குள் பதினாறு வீட்டுக்கும் கதை போய்விட்டது. கடையில் யாரோ ஒரு பெடியன் என்னைக் கண்டு ஆடு மாதிரிக் கத்தினான்.

அந்த மாரி முழுக்க எனக்கு நித்திரை இல்லை. பங்குனியில் மக்னத்தைக் கொண்டுபோய்க் கடையில் வைத்தேன். பாதி விலைதான் தருவேன் என்றான் கடைக்காரன், வயது போன வெள்ளைக்காரன். நான் சண்டை பிடித்தேன். அவன் சுவரைக் காட்டினான்.

"மிஸ்யூ, இந்தப் பக்கம் இருக்கிறதெல்லாம் ரெண்டு வருசத்திலை திரும்பி வந்த சாமான். புதுத் தோட்டா வந்தால் வாங்குறாங்கள், தோள் நொந்தால் கொண்டுவாறாங்கள். அந்த மூலையிலை பாருங்கோ." மூலையில் வளையம் வைத்த துவக்கு நாலு நின்றது. "அதுகள் திரும்பி வாறதில்லை. வைச்சிருந்தவர் செத்தாப் பிறகு மனுசிதான் கொண்டுவருவா."

ஏன் என்று கேட்டேன்.

"இந்தக் காட்டு மானுக்கு அது காணும். காணும் எண்டதுக்கு மேலை ஒண்டுமில்லை. தோளை உதைக்காது, இறைச்சியைக் கெடுக்காது. நாள் முழுக்கத் தூக்கினாலும் கை நோகாது. அதுக்கு மேலை மானுக்கு என்ன வேணும்?"

நான் வாழ்க்கை முழுக்கக் காணும், போதும் என்ற சொல்லைச் சொல்லாதவன். ஒரு கட்டடம் எடுத்தால் அடுத்த கட்டடம், பத்துப் பேர் என்றால் இருபது பேர். அப்படித்தான் உயர்ந்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை. அந்த மொட்டை மூக்குத் தோட்டாவைக் கையில் வைத்துப் பார்த்தேன். கோபம்தான் வந்தது. கோட்டுப் போட்ட பொறியியலாளர்கள் எத்தனை பேர் இதைத் தோற்கடிக்கப் பார்த்திருப்பார்கள். இது ஒன்றும் செய்யாமல் அப்படியே நின்று வென்றிருக்கிறது, அருமைராசா மெஷினுக்கு முன்னால் நின்ற மாதிரி. ஆனால் நான் வியாபாரி. கோபத்துக்காக நட்டப்படமாட்டேன். மூலையில் நின்றதில் ஒன்றை அறுநூற்று ஐம்பதுக்குத் தீர்த்தேன், எழுநூறு கேட்டவனிடம்.

கோடை முழுக்கச் சுட்டுப் பழகினேன். தூரக்கண்ணாடி இல்லை, வெறுங்கண். ஐம்பது கஜத் தூரத்தில் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அளவு வட்டத்துக்குள் ஐந்து வெடியும் விழும் வரைக்கும் விடவில்லை. எழுபத்தொரு வயதில் இதைச் செய்யக்கூடிய ஆளை இந்த ஊரில் காட்டுங்கள்.

போன நவம்பர் மறுபடி அதே காடு. காரில் இருந்து நான் துவக்கை எடுத்ததும் அருமைராசா பார்த்தான். கையில் வாங்கி, வளையத்தை ஒருதரம் இழுத்துத் தள்ளித் திருப்பித் தந்தான்.

"கடைசியிலை உங்களுக்கும் இதுதான்" என்றான்.

"உன்னைப் பாத்து வாங்கேல்லை. விலை மலிஞ்சு கிடந்தது."

"ஓம், நம்புறன்."

இரண்டு நாள் ஒன்றும் வரவில்லை. அவன் ஒரு மரத்தடியில், நான் ஒரு மரத்தடியில், இருவருக்கும் செம்மஞ்சள் அங்கி. தேத்தண்ணிப் போத்தலை நீட்டினான், நான் என்னுடையதைக் குடித்தேன். மூன்றாம் நாள் விடிந்து ஒரு மணித்தியாலத்தில், நாற்பது அடியில், கிளைகளுக்கு நடுவே ஒரு கொம்பன் பக்கவாட்டில் நின்றது. கடன் போகுது என்று நினைத்தேன். மூச்சை மெல்ல விட்டேன். முன்காலுக்குச் சற்றுப் பின்னால் வெடி வைத்தேன். தோள் உதைத்ததே தெரியவில்லை. மான் துள்ளி, அறுபது அடி நடந்து, படுத்துக்கொண்டது.

அருமைராசா உரித்துப் பார்த்தான். விலாவில் ஒரு துளை, மறுபக்கம் ஒரு துளை. சப்பை இரண்டும் சுத்தம்.

"குருட்டு வெடி" என்றான்.

கராஜில் நான்தான் பங்கு போட்டேன், மூட்டு மூட்டாகக் கத்தி விட்டு. பிலோமினம்மா பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு எலும்பையும் பார்த்தாள். எண்பத்திரண்டு இறாத்தல். பதினாறு குவியல். சனம் வந்து எடுத்துக்கொண்டு போனது. இரண்டு பேர் இருபது டொலர் நீட்டினார்கள். கை தன்பாட்டில் நீளப் பார்த்தது, இழுத்துக்கொண்டேன். போட்டவன் என்றபடியால் எனக்குக் கடைசிக் குவியல். கழுத்தெலும்பும் முழங்காலும்தான் அதில் மேலே கிடந்தது. எடுத்து வைத்தேன்.

பிறகு கடித உறையை எடுத்தேன். ஏழாயிரத்து இருநூறு.

"இதென்ன இவ்வளவு?" என்றான்.

"முப்பத்தொரு வருசத்து வட்டி. வங்கிக் கணக்குப்படி. எனக்கு ஒருத்தற்றை பிச்சையும் வேண்டாம்."

"நான் வட்டிக்குக் குடுக்கேல்லை. சீட்டுக் கட்டினனான். என்ர காசை மட்டும் எண்ணுங்கோ."

"முழுக்க எடு ராசா."

"முழுக்க எடுத்தால் நீங்கள் குடுத்ததாய்ப் போகும். நான் வாங்கினதாய் இருக்கவேணும்." வலது கையை நீட்டினான். விரல்களில் இரத்தம் காய்ந்திருந்தது, அவன் துடைக்கவில்லை. "சத்தமாய் எண்ணுங்கோ. சங்கத்திலை நான் பொய் சொல்ல ஏலாது."

அந்த இடத்தில் உறையை நிலத்தில் வீசிவிட்டுப் போகலாமோ என்று நினைத்தேன். போனால் இன்னும் முப்பது வருடம், அவ்வளவு காலம் எங்கள் இருவருக்கும் இல்லை. நூறு நூறாக எடுத்து அவனுடைய கையில் வைத்தேன். ஒன்று. இரண்டு. ஐந்தாவதில் ஒரு தாள் மற்றதோடு ஒட்டியிருந்தது. பிரித்து வைக்கச் சொன்னான், பிரித்து வைத்தேன். பத்தில் பிலோமினம்மா கேட்கவில்லை என்றாள். பத்தைத் திரும்பச் சொன்னேன். பதினாலு, பதினைந்து, பதினாறு என்று நான் சொல்லி முடிக்கும்வரை அவன் கையை மடக்கவில்லை.